பதினெட்டு நாற்காலியும் ஒரு தொப்பையும்

ஐந்து கிலோமீட்டர் ஓடி ஒரு மனிதன் முப்பது கிலோ இளைத்ததைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்ததாக க்ளியோஃபஸ் பிண்டர் சொன்னபோது மணி காலை பத்தேகால். கேட்டுக்கொண்டிருந்தது எத்தலின் நாட்டேஜ், ஒரு கூடை நிறைய ஒற்றைச் செருப்புகள், போன வாரக் கப்பலில் வந்த யாரோ மறந்துவிட்டுப்போன ஒரு பல்செட். பல்செட் மட்டும் சிரித்தது.

மாபெல் கே என்கிற அந்தத் தீவில் க்ளியோஃபஸின் பேச்சுக்கு அவ்வளவுதான் மதிப்பு. பாரக்குடா மீன் ஒன்று தன் கைக்கடிகாரத்தை விழுங்கி, இரண்டு வருஷம் கழித்துச் சரியான நேரத்தோடு திருப்பித் தந்தது என்று சத்தியம் செய்தவன் அவன். எதிர்க்கரையில் பெனட் துறையில் அவன் வீட்டுக்கு நெருப்புப் பிடித்தால்கூட, அவன் கத்துகிற கத்தலை மூன்றால் வகுத்துவிட்டுத்தான் வாளியை எடுப்பார்கள்.

ஆனால் இந்த முறை அவன் பார்த்தது நிஜம். அதுதான் கொடுமை.

உல்லாசக் கப்பல் வரும் நாட்களில் அவன் கடற்கரைக்கும் படகுத்துறைக்கும் டிராக்டர் வண்டி ஓட்டுகிறவன். அதற்கு முன்னால், காலை ஏழரைக்கு, ஓட்டப்பந்தயம் நடத்துவதும் அவன் வேலை. பந்தயத்துக்குப் பேர் கொடுத்த பயணிகளை மட்டும் மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே கப்பலிலிருந்து இறக்கிவிடுவார்கள். க்ளியோஃபஸ் ஒவ்வொருவர் நெஞ்சிலும் நம்பர் சீட்டைக் குத்தி அனுப்புவான். தீவைச் சுற்றி மூச்சிரைக்கத் திரும்பி வந்தால் கழுத்தில் பிளாஸ்டிக் பதக்கத்தை மாட்டுவான்.

அன்றைக்கு நாற்பத்தோராம் எண்காரர் புறப்படும் கோட்டுக்கு வருவதற்கு முன்பே அவர் தொப்பை வந்து நின்றுவிட்டது. சீட்டின் இந்த ஓரத்தைக் குத்திவிட்டு அந்த ஓரத்தைக் குத்த க்ளியோஃபஸ் ஒரு சின்னப் பயணமே போக வேண்டியிருந்தது. ஐம்பத்திரண்டு நிமிஷம் கழித்துக் கடைசி ஆளாக அதே நாற்பத்தொன்று திரும்பி வந்தது. சட்டை கப்பல் பாய் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே நாலு விலா எலும்பும் ஒரு புன்னகையும்தான் பாக்கி. நம்பர் சீட்டு முழங்காலுக்குத் தொங்கியது. பதக்கத்தை மாட்டும்போது, கழுத்து தாங்குமா என்று க்ளியோஃபஸுக்குப் பயமாகிவிட்டது.

எத்தலின் நாட்டேஜ் முப்பத்துநாலு வருஷம் சுங்க இலாகாவில் மற்றவர்களின் பெட்டியைத் திறந்து பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது தீவின் காணாமல்போன பொருள் குடிசை அவள் பொறுப்பு. ரம் பாட்டிலை வயிற்றில் கட்டிக்கொண்டு வந்த பாதிரியாரை நடையைப் பார்த்தே பிடித்தவள் என்று ஊரில் பேச்சு. அவள் ஜானி கேக் என்கிற மாவு ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டபடி, கடைசிவரை கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மூஞ்சி மாறலையே?"

மூஞ்சியை யார் பார்த்தது என்றான் க்ளியோஃபஸ். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, அதற்குக் கீழே மூக்குக்கு வெள்ளைக் களிம்பு. மேலும் அவ்வளவு பெரிய தொப்பை இருக்கும்போது மூஞ்சியைப் பார்ப்பவன் மனுஷனே இல்லை என்பது அவன் வாதம்.

அந்த நேரத்தில்தான் ஹால்டேன் உள்ளே வந்தார். கப்பலின் கடற்கரை அதிகாரி. அரைக்கால் சட்டைக்கும் இஸ்திரி போடுகிற இங்கிலாந்துக்காரர். பின்னால் டெல்சினா மாக்சி, கையில் மண்வாரியோடு. பதினோரு வருஷமாக அந்தக் கடற்கரையின் நாற்காலிகளுக்கெல்லாம் அவள்தான் தலைவி. இன்று அவள் மண்வாரியைப் பிடித்திருந்த விதம், யாராவது அதைப் பிடுங்கிவிடுவார்கள் என்பது போல இருந்தது.

விஷயம் இதுதான். பயணிகளின் முதல் படகு எட்டரைக்குக் கரை சேர்ந்தது. இறங்கினவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முன்வரிசைக்குப் பாய்ந்தார்கள். முன்வரிசையின் பதினெட்டு சாய்வு நாற்காலிகளிலும் ஏற்கெனவே வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. பந்தயக்காரர்கள் கையை வீசிக்கொண்டுதான் இறங்க வேண்டும், பை கிடையாது, துண்டு கிடையாது. அது ஹால்டேனே போட்ட சட்டம். ஆக, துண்டு வெளியிலிருந்து வரவில்லை. ஆறரையிலிருந்து அந்த மணலில் நின்ற ஒரே ஜீவன் டெல்சினா. போன வாரக் கப்பல்காரர்கள் விட்டுப்போன துண்டுகளைப் பதுக்கிவைத்து, வேண்டியவர்களுக்கு இடம் பிடித்துக்கொடுக்கிறாள் என்பது ஹால்டேனின் முடிவு. இதுவரை முப்பத்தேழு புகார். ஒரு மணிப் படகில் அவள் பெனட் துறைக்குப் போகிறாள், திரும்பி வரப்போவதில்லை.

டெல்சினா சொன்னது சுருக்கமாக இருந்தது. குடைகளை எடுக்கக் கொட்டகைக்குப் போனாள். இருபது நிமிஷம். வந்து பார்த்தால் பதினெட்டு துண்டு. கப்பல் ஆபீஸிலிருந்தே சில நாள் பெரிய அறைக்காரர்களுக்கு அப்படி விரித்துவைக்கச் சொல்வது வழக்கம். அதனால் ஹால்டேன் உத்தரவு என்று நினைத்து, துண்டுகளின் சுருக்கத்தைக்கூட நீவிவிட்டிருக்கிறாள்.

"நீவிவிட்டியா?" என்றார் ஹால்டேன், கொலைகாரன் கத்தியைத் துடைத்துவைத்ததைக் கேட்டவர் போல.

"கோணலா இருந்துச்சு சார்," என்றாள் டெல்சினா.

அரை மணி நேரம் ஆள் இல்லாத நாற்காலியைக் காலி செய்யலாம் என்று பலகையே இருக்கிறதே, ஏன் செய்யவில்லை என்று எத்தலின் கேட்டாள். அதற்கும் டெல்சினாவிடம் பதில் இருந்தது. ஒவ்வொரு நாற்காலியின் கைப்பிடியிலும் ஒரு பானக் கோப்பை. உள்ளே பனிக்கட்டி. மாபெல் கே வெயிலில் பனிக்கட்டி கால் மணிக்கு மேல் உயிரோடு இருக்காது. கோப்பையில் பனிக்கட்டி கிடந்தால் ஆள் தண்ணீரில் இருக்கிறார், தொடாதே. இது கடற்கரைக்காரர்களின் எழுதாத சட்டம். மூன்று தடவை போய்ப் பார்த்தாள், மூன்று தடவையும் பனிக்கட்டி பளபளத்தது. ஆனால் ஒரு நாற்காலியிலும் ஒரு மனிதன் வந்து உட்கார்ந்து அவள் பார்க்கவில்லை.

எத்தலின் கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினாள். ஒரு மணிவரை தனக்கு அவகாசம் வேண்டும் என்றாள். எதை வைத்து என்றார் ஹால்டேன்.

"க்ளியோஃபஸ் சொன்னதை வெச்சு."

ஹால்டேன் க்ளியோஃபஸிடம் திரும்ப, அவன் வேறு வழியில்லாமல் நாற்பத்தொன்றின் கதையை மறுபடி சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே நாக்கு கூசியது. ஒருத்தியின் பிழைப்பு தன் வாயில் தொங்குகிறது. அந்த வாயை நம்புவதற்கு ஊரில் ஆள் இல்லை. இத்தனை வருஷம் அளந்ததில் நாலைந்தையாவது மிச்சம் பிடித்திருக்கலாம் என்று வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோன்றியது. ஹால்டேன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு குண்டன் ஓடத் தொடங்கி, களைத்துப்போய், தன் நம்பர் சட்டையை ஒரு ஒல்லியனுக்குக் கழற்றிக் கொடுத்திருப்பான் என்றார். மனுஷன் இளைக்கமாட்டான், சட்டைதான் கைமாறும் என்று தத்துவம் வேறு.

அவர் போனதும் எத்தலின் முன்வரிசையிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துவரச் சொன்னாள். கடற்கரைத் துண்டு என்றால் நீலக் கோடு போட்டிருக்கும். இது கப்பல் அறைகளில் குளித்துவிட்டுத் துவட்டுகிற கனத்த துண்டு. அதைச் சுருட்டி, சுங்க இலாகா நாளிலிருந்தே கூட வைத்திருக்கிற கொக்கித் தராசில் மாட்டினாள்.

"ஐந்நூத்தம்பது கிராம்," என்றாள். "பதினெட்டால பெருக்கு."

க்ளியோஃபஸ் விரல்களை விட்டுவிட்டு மணலில் குச்சியால் போட்டான். ஒன்பது கிலோ தொள்ளாயிரம்.

"நீ எவ்வளவு இளைச்சான்னு சொன்ன?"

"முப்பது."

"மூணால வகு."

பத்து. க்ளியோஃபஸ் மணலைப் பார்த்தான், தராசைப் பார்த்தான், தன் வாயை நம்ப முடியாமல் தடவிக்கொண்டான். ஊர் முழுக்கப் பொய் என்று சொன்ன வாய், வெறும் கண்ணால் ஒரு தொப்பையை நிறுத்து நூறே நூறு கிராம் பிசகலோடு சொல்லியிருக்கிறது.

"அந்த நூறு கிராம் என்னாச்சு மிஸ் எத்தலின்?"

"வேர்வை," என்றாள் எத்தலின்.

ஆக, துண்டு வந்த வழி தெரிந்துவிட்டது. உடம்பைச் சுற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறான். ஓட்டப்பாதை முன்வரிசைக்குப் பின்னால் கடல்திராட்சைப் புதர் ஓரமாகத்தான் போகிறது. புதருக்குள் நுழைந்து, உரித்து, விரித்து, மிச்ச உடம்போடு ஓட்டத்தை முடித்திருக்கிறான். க்ளியோஃபஸ் எழுந்து, பந்தயப் பட்டியலில் பேர் இருக்கிறது, போய்ப் பிடிப்போம் என்றான். எத்தலின் அசையவில்லை. பேரைப் பிடித்து என்ன செய்வது? ஒல்லியாக ஒரு ஆள் வந்து நிற்பார், நான் பிறந்ததிலிருந்தே ஒல்லி என்பார், ஹால்டேன் பயணியிடம் மன்னிப்புக் கேட்பார். அவளுக்கு வேறொன்று உறுத்தியது. பதினெட்டு இடம் பிடித்தவன் ஒன்றில்கூட ஏன் உட்காரவில்லை?

"கல்யாண கோஷ்டிக்குப் பிடிச்சிருப்பான். கோஷ்டி இன்னும் தலை சீவிக்கிட்டிருக்கும்," என்றான் க்ளியோஃபஸ்.

"மூணு மணி நேரமாவா?"

"நீங்க என் மச்சினிச்சி தலை சீவிப் பார்த்ததில்ல."

எடுத்த துண்டை அதே நாற்காலியில் திரும்ப விரித்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கு இருவரும் மூன்றாம் வரிசையில் பயணி வேஷத்தில் படுத்திருந்தார்கள். எத்தலினுக்கு வேஷம் பொருந்தியது. க்ளியோஃபஸ், காணாமல்போன பொருள் கூடையிலிருந்து ஒரு பூப்போட்ட தொப்பியும் ஊதாக் கண்ணாடியும் எடுத்து மாட்டியிருந்தான். டிராக்டர் ஓட்டி ஓட்டி அவனுக்குச் சும்மா படுத்திருக்கும் கலை மறந்துபோயிருந்தது. கால் தானாக பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. அவர்கள் தலைக்குப் பின்னால் இடம் கிடைக்காத ஒரு குடும்பம் வெள்ளைத் துண்டுக்காரர்களின் வம்சத்தையே சபித்துக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு இருபதுக்கு வந்தார் அவர். கடையில் தொங்கும் உடுப்பு மாட்டியே எழுந்து நடந்து வருவது போன்ற உருவம், வயது எழுபதுக்குக் கொஞ்சம் கீழே. கையில் ஒரு வாளி நிறையப் பனிக்கட்டி. முன்வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, பந்தியில் சோறு போடுகிற மாதிரி, ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டே போனார். யாரும் இல்லாத நாற்காலிகளிடம் போதுமா என்று கேட்காததுதான் பாக்கி. முடித்ததும் வாளியைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பி வந்து, இரண்டாம் வரிசையின் நடுவில், கொழுகொழுவென்று வைக்கோல் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளின் பக்கத்தில் அமர்ந்துகொண்டார்.

இரண்டாம் வரிசையில். முன்வரிசையில் இல்லை.

க்ளியோஃபஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டான். எத்தலின் மெல்ல எழுந்துபோய் அந்த அம்மாளின் அருகே மணலில் குந்தினாள். இங்கிருந்து என்ன தெரிகிறது என்று, அண்டைவீட்டுக்காரி விசாரிப்பது போல விசாரித்தாள்.

"கடல்," என்றாள் அந்த அம்மாள். "வெறும் கடல். ஒரு முதுகுகூட இல்ல."

அவள் பேர் அர்லீன். அவர் வெண்டல். விஸ்கான்சினில் ஒரு பால்பண்ணை ஊர். கல்யாணமாகி நாற்பதாவது வருஷம். இதற்கு முன் மூன்று கப்பல் பயணம் போயும் அர்லீன் பார்த்ததெல்லாம் எண்ணெய் பூசிய முதுகுகளும் வழுக்கைத் தலைகளும்தானாம். முன்வரிசையில் உட்கார்ந்தாலோ, இவளுக்கு முன்னால் வந்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தத் தடவை உனக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ஈ காக்கை இருக்காது என்று வெண்டல் வாக்குக் கொடுத்திருக்கிறார். எப்படி என்று மட்டும் சொல்லவில்லை. அவள் பேசப் பேச வெண்டல் தன் செருப்பின் வாரை உலகத்திலேயே சுவாரசியமான பொருளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எத்தலின் க்ளியோஃபஸைப் பார்த்தாள். அவன் ஹால்டேனைக் கூட்டிவர ஓடினான். டெல்சினா தன் பையோடு ஏற்கெனவே படகுத்துறைப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தாள். அவளையும் திருப்பிக் கூட்டிவந்தான்.

பனிக்கட்டி போட்டது நான்தான் என்று வெண்டல் ஒப்புக்கொண்டார். கோப்பைகள் பாவம் வாடியிருந்தன, ஒரு தர்மம் என்றார். துண்டா? துண்டைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது. காலையில் ஓடினேன், கையை வீசிக்கொண்டு ஓடினேன், அதிகாரி சொன்ன சட்டப்படி. ஹால்டேன் தலையசைத்தார். வெண்டலின் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். துண்டைச் சுமப்பது இருக்கட்டும், துண்டு இவரைச் சுமக்கும் என்று அவர் முகம் சொன்னது. தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் என்று வாயைத் திறந்தார். தூரத்தில் ஒரு மணிப் படகு எஞ்சினைக் கிளப்பி இருமியது.

அப்போது எத்தலின் க்ளியோஃபஸின் பக்கம் திரும்பி, அவனை அறுத்துப் போட்டாள்.

"ஏம்பா, உன் பேச்சைக் கேட்டு ஒரு நல்ல மனுஷனைச் சந்தேகப்பட்டேன் பாரு. இவரா பதினெட்டு துண்டைக் கட்டிக்கிட்டு ஓடுறது? நாலு துண்டு கட்டினா இவரு குப்புற விழுந்திருப்பாரு."

க்ளியோஃபஸுக்குக் காது அடைத்துவிட்டது. உலகத்தில் தன்னை நம்பிய ஒரே ஆள். தராசு, பெருக்கல், நூறு கிராம் வேர்வை எல்லாம் என்ன ஆயிற்று? டெல்சினா மண்வாரியை நாற்காலிமேல் சாய்த்து வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

எத்தலின் விடவில்லை. இதெல்லாம் நல்ல வாலிபர்கள் செய்கிற காரியம் என்றாள். இந்த வயதில், இந்த உடம்பில், முதல் திருப்பத்திலேயே மூச்சு வாங்கிப் புதரோரம் உட்கார்ந்திருப்பார் என்றாள். உட்காருவதும் தப்பில்லை, பாவம், முழங்கால் என்ன இரும்பா என்று இரக்கப்பட்டாள். இரக்கம்தான் வேலை செய்தது. வெண்டலின் காதுமடல் சிவந்தது, அப்புறம் கன்னம், அப்புறம் களிம்பு பூசாத எல்லா இடமும்.

"நான் உக்காரல," என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஒரு தடவகூட உக்காரல. பதினெட்டையும் கட்டிக்கிட்டு மூணு கிலோமீட்டர். மிச்சம் ரெண்டு கிலோமீட்டர் இடுப்புல வெறும் கயிறோட. அம்பத்திரண்டு நிமிஷம்."

"வெண்டல்," என்றாள் அர்லீன். கோபமா, பெருமையா என்று க்ளியோஃபஸால் பிரிக்க முடியவில்லை. பிறகு அவளே சொன்னாள், ஐந்து நாளாக அறைப் பையனிடம் தினமும் கூடுதல் துண்டு கேட்டது இதற்குத்தானா, எனக்கு மூட்டுவலி என்று சொல்லியல்லவா வாங்கினீர்கள் என்று.

எத்தலின் டெல்சினாவைக் காட்டி, இந்தப் பெண் அந்தப் படகில் ஏன் ஏறப்போகிறாள் என்று இரண்டே வாக்கியத்தில் அர்லீனுக்குச் சொன்னாள். அர்லீனின் முகம் மாறியது. கடலை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டாள், விடைபெறுகிற மாதிரி. அப்புறம் தன் கணவரிடம், போய்ச் சரிபண்ணு என்றாள்.

ஆனால் ஹால்டேன் மசியவில்லை. பெரியவர் மனைவிக்கு முன்னால் வீரம் பேசுகிறார் என்பது அவர் எண்ணம். பதினெட்டு கனத்த துண்டைக் கட்டிக்கொண்டு எந்த மனிதனும் மணலில் ஓட முடியாது. அப்படி ஓடினாலும், யாரும் குண்டன் என்று நம்புகிற மாதிரி இருக்காது. டெல்சினாவைக் காப்பாற்ற எல்லோருமாகக் கதை கட்டுகிறார்கள். க்ளியோஃபஸ் கதை கட்டுவதில் பேர் போனவன் என்று அவருக்கும் தெரியும்.

வெண்டல் எழுந்தார். சட்டையைக் கழற்றினார். முன்வரிசைத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துவந்து, வயிற்றில் ஐந்து, முதுகில் ஐந்து, இடுப்பைச் சுற்றி எட்டு என்று, ரொம்ப நாள் ஒத்திகை பார்த்த கையோடு சுற்றினார். அர்லீன் கயிற்றை இழுத்துக் கட்டினாள். நாற்பது வருஷத் தாம்பத்யத்தின் முடிச்சு, அவிழவே அவிழாது. மேலே சட்டை. கடற்கரையில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். க்ளியோஃபஸ், தொழில் தர்மம் விடாமல், நாற்பத்தோராம் எண் சீட்டைக் குத்தினான். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மறுபடி அதே பயணம்.

ஓடினார் மனுஷன். தொப்பை முன்னால் வழிகாட்ட, மணல் பின்னால் பறக்க, ஒரு பீப்பாய் உயிர்பெற்றுத் தப்பித்துப் போவது மாதிரி முன்வரிசை நெடுக ஓடி, கடல்திராட்சைப் புதருக்குள் புகுந்தார். புதர் குலுங்கியது. இலைகளுக்கு மேலே ஒரு வெள்ளைத் துண்டு பறந்தது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் வெள்ளைக் கொக்குக் கூட்டமே கிளம்பினது போல. புதரின் மறுமுனையில் ஒரு ஒட்டடைக் குச்சி, காற்றில் படபடக்கிற சட்டையோடு, முழங்காலில் தட்டுகிற நாற்பத்தொன்றோடு, சிரித்துக்கொண்டே வெளியே ஓடிவந்தது.

கடற்கரை முழுக்கக் கைதட்டியது. சபித்துக்கொண்டிருந்த குடும்பம்தான் எல்லோரையும்விட உரக்கத் தட்டியது. தட்டிக்கொண்டே ஓடிப்போய் முன்வரிசையில் நாலு நாற்காலியைப் பிடித்துவிட்டது. அரை நிமிஷத்தில் பதினெட்டும் நிரம்பிவிட்டது. அர்லீனுக்கு முன்னால் பதினெட்டு முதுகுகள்.

டெல்சினா பையைக் கீழே வைத்தாள். அர்லீனின் நாற்காலியைத் தூக்கி, முன்வரிசையைத் தாண்டி, கணுக்கால் நனைகிற தண்ணீருக்குள் கொண்டுபோய்ப் போட்டாள். வெண்டலின் நாற்காலியையும் பக்கத்தில் போட்டாள். கோணலாக இருந்ததை நேராக்கினாள்.

"இனி உங்களுக்கு முன்னாடி மீன் மட்டும்தான்மா," என்றாள்.

பத்து நிமிஷமாகக் காத்திருந்த படகோட்டி பொறுக்க மாட்டாமல் கரைக்கே வந்துவிட்டான். யாரை ஏற்றிப்போக வேண்டும் என்று கேட்டான். யாரும் இல்லை என்றார் ஹால்டேன். அப்படியானால் தாமதத்துக்குக் காரணம் எழுதித் தர வேண்டும், பெனட் துறையில் கேட்பார்கள் என்று அவன் நோட்டை நீட்டினான். ஹால்டேன் பேனாவைத் திறந்தார். மூடினார். க்ளியோஃபஸைப் பார்த்தார். க்ளியோஃபஸ் மிகுந்த மரியாதையோடு வானத்தைப் பார்த்தான்.

"ஒருத்தர் குண்டா ஓடிப் போனார்," என்றார் ஹால்டேன். "ஒல்லியா வந்தார்."

படகோட்டி நோட்டை மெதுவாகத் தாழ்த்தினான். "க்ளியோஃபஸ் சொன்னானா சார்?"

"இல்லப்பா," என்றார் ஹால்டேன். "நானே பார்த்தேன்."